ஒரே தாளத்தில் நடுங்கிய கைகள்

மர்தோனிடமிருந்து தொலைபேசி வந்தபோது முனவ்வர் ஓர் எலியின் சிறுமூளையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது சரியான சொல்தான். மயிரிழையைவிட மெல்லிய கம்பியை எலியின் பின்மண்டைக்குள் இறக்கி, அதில் வரும் மின்துடிப்பை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அறை முழுக்கக் கேட்கும். முதலில் வாணலியில் சோளம் பொரிவதுபோல ஒழுங்கில்லாத சத்தம். பிறகு, இஸிரிக் என்னும் காட்டுச் செடியின் விதையிலிருந்து பிரித்தெடுத்த சத்தை எலிக்கு ஊசியில் ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பொரிச்சலுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். டக் டக் டக் டக் என்று நொடிக்குப் பத்து அடி. எலியின் மீசை, காது, பாதம் எல்லாம் அதே தாளத்தில் நடுங்கும். நான்கு வருடமாக இதுதான் அவள் வேலை. ஆனாலும் அந்த ஒழுங்கு வந்து சேரும் நொடியில் அவளுக்கு இன்னமும் பிடரி கூசும்.

"முனவ்வர், உன் மெஷினைத் தூக்கிக்கிட்டு உடனே இங்க வா" என்றான் மர்தோன். மருத்துவக் கல்லூரியில் அவளோடு படித்தவன். இப்போது சமர்கந்திலிருந்து அரை நாள் தொலைவில் ஒரு மாவட்டத்துக்கு மருத்துவர்.

"எந்த மெஷினை?"

"கை நடுக்கத்தைக் காகிதத்துல கோடு போட்டுக் காட்டுமே, அதை."

"யாருக்கு நடுக்கம்?"

"பஞ்சு பறிக்க வந்த பொண்ணுங்களுக்கு. முந்தாநாள் நாலஞ்சு பேரு. இன்னிக்கு முப்பதைத் தாண்டியாச்சு."

"என்ன சாப்பிட்டாங்க? எந்தத் தண்ணி?"

"நடிக்கறாங்கன்னு மேலிடத்துல சொல்றாங்க. நீ வந்து நடிப்பா நிஜமான்னு சொல்லிட்டுப் போ, அவ்வளவுதான்." அவன் குரல் தாழ்ந்தது. "போன்ல வேற எதையும் கேட்டுடாதே."

அவள் கேட்கவில்லை. இதயத் துடிப்பை வரையும் சிறிய பெட்டி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. மார்பில் வைக்கும் தகடுகளை முன்கைத் தசைமேல் வைத்தால் நடுக்கத்தையும் அது வரையும். அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டுப்பண்ணைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. செடிகளில் இலை இன்னும் பச்சையாகவே நின்றது. எங்கேயோ ஒரு சின்ன விமானம் பறந்து பார்த்துக்கொண்டிருந்தது, வருகிற வேலைக்குக் கை பழக்குவதுபோல. வாய்க்கால் ஓரத்து முசுக்கட்டை மரங்களில் ஒரு பறவையும் இல்லை. போன வருடம் அடித்த மருந்தின் வாடை, அழுகிய பூண்டு மாதிரி, மண்ணில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சு பறிக்கக் கல்லூரியிலிருந்து அனுப்பிய மாணவிகளைப் பழைய தானியக் கிடங்கில்தான் தங்க வைத்திருந்தார்கள். வாசலில் மர்தோனும் பஞ்சு அறுவடைக்கு மாவட்டத்துப் பொறுப்பாளரான கிலிச்சேவும் நின்றிருந்தார்கள். கிலிச்சேவ் கனத்த உடம்புக்காரர். நாக்கடியில் எப்போதும் பச்சைப் புகையிலை இருக்கும். அதனால் அவர் பேச்சு கொழகொழவென்று வரும். ஆனால் அதைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை.

"தோழர் முனவ்வர், ஒரு பொண்ணு நடுங்கினா அது வியாதி" என்றார். "மொத்தக் கொட்டகையும் நடுங்கினா அது வியாதியில்ல, பேசி வெச்சுக்கிட்ட கூட்டு. நாளை மறுநாள் விமானம் வந்து கிழக்கு வயல்ல, பறிக்க வசதியா இலையை உதிர்க்கற மருந்து அடிக்கும். அதே நேரத்துல மேற்கு வயல்ல இவங்க கை ஓடணும். எவ நடிக்கறா, எவ நடிக்கலைன்னு மெஷின் சொல்லுமில்ல?"

"சொல்லும்."

"அப்ப சொல்லட்டும்." ஓரமாகத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே வைக்கோல் மெத்தைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் கொடுக்கும் நேரம். கிண்ணங்களைப் பிடித்த அத்தனை கைகளும் நடுங்கின. கிண்ணங்கள் பல்லில் படுகிற சத்தம் மட்டும் கிடங்கு முழுக்க ஓடியது. முனவ்வர் வாசலிலேயே நின்றுவிட்டாள். எதனால் நின்றோம் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"வாங்க அக்கா, பயப்படாதீங்க, கடிக்க மாட்டோம்" என்றாள் முதல் மெத்தையில் இருந்தவள். அகன்ற முகம், கட்டை விரல் தடிமனுக்கு இரட்டைச் சடை. பெயர் தில்ஷோதா. "கடிக்கணும்னாலும் குறி தப்பிடும்."

பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

"எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்டுக்கொண்டே முனவ்வர் அவள் முன்கையில் தகட்டைக் கட்டினாள்.

"மூணு நாளா. மொதல்ல குமட்டல். அப்புறம் இந்த ஆட்டம். என் பேரை எழுதினா புழு ஊர்ந்த மாதிரி வருது. எங்கம்மா பார்த்தா ஒப்பாரியே வெச்சுடுவா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்தா, தேநீரை அவங்க மடியிலயில்ல ஊத்துவேன்?"

"இவளுக்கு மாப்பிள்ளை எங்கேர்ந்து வரப்போறான் அக்கா?" என்றாள் ஒருத்தி. "நாங்க குமட்டலா இருக்குன்னு வெக்கற கிண்ணத்தையெல்லாம் இவதான் காலி பண்றா. கட்டினவன் சொத்தையே தின்னுடுவா."

முனவ்வர் அவள் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். வயல் மருந்தின் நஞ்சு உடம்பில் ஏறியிருந்தால் கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும். இவளுக்கு அப்படி ஏதுமில்லை. கையை நீட்டச் சொன்னாள். பெட்டியிலிருந்து காகிதம் ஓடியது. ஊசிமுனை பல்வரிசைபோலக் கோடு போட்டது.

"மர்தோன், தராசுக்கல் ஒண்ணு கொண்டு வா."

சமையற்கட்டிலிருந்து இரும்புக் கல் வந்தது. துணியில் முடிந்து தில்ஷோதாவின் மணிக்கட்டில் தொங்கவிட்டாள். ஊசியின் வீச்சு குறைந்தது. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருந்த தூரம் இம்மியும் மாறவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றான் மர்தோன்.

"பயத்துல நடுங்கறவ, குளிர்ல நடுங்கறவ, வேணும்னு நடுங்கறவ, யாரா இருந்தாலும் கையில பாரத்தைத் தொங்கவிட்டா தாளம் மந்தமாகும். பாரம் ஏறின கை மெதுவாத்தானே ஆடும்? இவளுக்கு மாறலை. அப்படின்னா தாளம் கையில இல்ல."

"பின்ன எங்க?"

முனவ்வர் தன் பிடரியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினாள்.

ஒவ்வொருத்தியாகச் சோதித்தாள். காகிதச் சுருளைக் கிழித்துக் கிழித்துப் பக்கத்தில் அடுக்கினாள். பாதிப் பேருக்குமேல் ஆனபோது அவளுக்குக் காகிதத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஊசி காகிதத்தில் உரசும் சத்தமே போதுமாக இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும்.

கடைசியில் எல்லோரையும் நடந்து காட்டச் சொன்னாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளாடி நடந்தார்கள். தில்ஷோதா எழுந்தவள் கால்களை அகல வைத்து, ஓடத்தில் நிற்பவள்போல இரண்டு பக்கமும் சாய்ந்து, நான்காம் அடியில் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"தரைதான் கோணலா இருக்கு அக்கா" என்றாள் சிரித்துக்கொண்டே.

முனவ்வர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள்.

எலிகளிடம் இந்த நடையையும் அவள் பார்த்திருந்தாள். சத்தை ஒருமுறை கொடுத்தால் எலி நடுங்கும், பிறகு தெளிந்துவிடும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் நடுக்கம் குறைந்துகொண்டே வரும். உடம்பு பழகிவிட்டது என்றுதான் முதலில் எண்ணினாள். மூளையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிறுமூளையின் நடுப்பட்டையில், மரம்போலக் கிளைவிட்டு வரிசையாக நிற்கும் பெரிய உயிரணுக்கள் கோடு கோடாகக் காணாமல் போயிருந்தன. நின்ற மரங்களுக்கு நடுவே வெட்டவெளியாகப் பாதைகள். அடிப்பதற்கு மரம் இல்லாததால்தான் அடி ஓய்ந்திருந்தது.

அவள் நேரே சமையற்கட்டுக்குப் போனாள்.

கிடங்கின் பின்புறம் தகரக் கூரை போட்ட இடம் அது. பெரிய கொப்பரையில் மஸ்தாவா என்ற அரிசிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி, கேரட், இரண்டு எலும்பு, மேலே மிளகாய்ச் சிவப்பு. மர அகப்பையோடு நின்றிருந்தவள் ஹோசியத். நாற்பது வயதிருக்கும். அந்த ஊர்க்காரி. தலைத்துணியைப் புருவம்வரை இறக்கிக் கட்டியிருந்தாள். மூலையில் உருளைக்கிழங்குச் சாக்கு, வெங்காயச் சாக்கு, இஸிரிக் சாக்கு. கண்ணேறு கழிக்கவும் காய்ச்சல் வீட்டில் புகை போடவும் இஸிரிக் இல்லாத அடுப்படி அந்த நாட்டில் எங்கும் கிடையாது. ஆனால் சாக்குக் கணக்கில் எவரும் வைத்திருப்பதில்லை.

"பசிக்குதா டாக்டரம்மா?" என்றாள் ஹோசியத்.

முனவ்வர் ஒரு கரண்டியை எடுத்துக் கொப்பரையில் முக்கி வாயில் வைத்தாள். சீரகம், காரம், கொழுப்பு. எல்லாம் இறங்கியபிறகு நாக்கின் வேரில் ஒரு கசப்பு தங்கியது. ஆய்வகத்தில் விதைத்தூள் பறக்கும்போது உதட்டில் படியும் கசப்பு.

"எத்தனை பிடி போடறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஹோசியத் அகப்பையை நிறுத்தவில்லை. "வறுத்து இடிச்சு ரெண்டு பிடி. மொத மொதல்ல நான்தான் குடிச்சுப் பார்த்தேன். ஒரு பொழுது கை ஆடிச்சு, அப்புறம் சரியாப் போச்சு. அதுக்கு மேலதான் பிள்ளைங்களுக்குப் போட்டேன்."

அவள் மறுப்பாள் என்று முனவ்வர் எதிர்பார்த்திருந்தாள். மறுத்திருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

"ஏம்மா? அந்தப் பொண்ணுங்க உங்களுக்கு என்ன பண்ணினாங்க?"

"அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்." ஹோசியத் திரும்பிப் பார்த்தாள். "போன வருஷம் என் மக மேற்கு வயல்லதான் பறிச்சிட்டிருந்தா. விமானம் கிழக்கால அடிச்சுட்டுத் திரும்பறப்போ குழாயை மூடலை. தலைமேலயே பெஞ்சுது. பூண்டு வாசம் அடிக்குதும்மா, பூண்டு வாசம் அடிக்குதும்மான்னு ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தா. தலைவலின்னு சொன்னதுக்கு, சோம்பேறி, வயலுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் தாங்கலை. மஞ்சக்காமாலைன்னு எழுதிக் குடுத்தாங்க. எழுதினது உங்க சிநேகிதர்தான், கேட்டுப் பாருங்க."

முனவ்வர் வாசல் பக்கம் பார்த்தாள். மர்தோன் இல்லை.

"அதான் இந்த வருஷம் சமையலுக்கு ஆள் வேணும்னதும் வந்துட்டேன். தலைவலின்னா நம்ப மாட்டாங்க. வாந்தின்னா வேஷம்பாங்க. கை ஆடினா? ஆடற கையால பஞ்சு பறிக்க முடியுமா? வீட்டுக்கு அனுப்பித்தானே ஆகணும்?"

"இது வெறும் ஆட்டம் இல்லம்மா." முனவ்வர் அடுப்பருகே கவிழ்ந்திருந்த வாளியில் உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "மூளை கழுத்தோட சேர்ற இடத்துல ஒரு சின்ன முடிச்சு இருக்கு. அதுல இருக்கற ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் மின்சாரம் ஏறி இறங்கிட்டே இருக்கும், ஊஞ்சல் மாதிரி. ஒண்ணுக்கொண்ணு கையைக் கோத்துக்கிட்டிருக்கும். ஆனாலும் அந்தந்த வேலைக்குத் தக்கன அங்கங்க கொஞ்சம் கொஞ்சம்தான் சேர்ந்து ஆடும். அதனாலதான் நம்ம கை நினைச்ச எடத்துக்குப் போகுது. உங்க விதை உள்ள போனா அத்தனை ஊஞ்சலும் ஒரே நேரத்துல வீச ஆரம்பிச்சுடும். ஒவ்வொரு வீச்சுக்கும் மேல சிறுமூளையில இருக்கற பெரிய அணுக்களுக்கு ஒரு அடி விழும். நொடிக்குப் பத்து அடி. ஓயாம. எவ்வளவு நாள் தாங்கும்? செத்துப் போகும். செத்த அணு முளைக்காது."

"எலியில பார்த்தீங்களா?"

"எலியில பார்த்தேன். இப்ப தில்ஷோதாகிட்டயும் பார்க்கறேன். எல்லாரோட கிண்ணத்தையும் அவதான் குடிச்சிருக்கா."

அகப்பை நின்றது. ஹோசியத் கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சடைக்காரியா?" என்றாள். "அவ மட்டும்தான் என் சமையலை நல்லா இருக்குன்னு சொன்னா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தைன்னு கேப்பா. நானும் ஊத்தினேன்."

தூரத்தில் விமானம் இறங்கி அடங்கியது.

"என்னைப் பிடிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

"தெரியலை" என்றாள் முனவ்வர். அது உண்மை. விதைதான் காரணம் என்று சொன்னால் இவள் சிறைக்குப் போவாள். பெண்கள் இரண்டு நாளில் தெளிவார்கள். தெளிந்த கைகளோடு, விமானம் திரும்புகிற மேற்கு வயலில் நிற்பார்கள். சொல்லாமல் போனால் இந்தக் கொப்பரை கொதித்துக்கொண்டே இருக்கும். "எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடுங்க. இனிமே ஒரு விதைகூட யாரோட சோத்துலயும் போடக் கூடாது. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துப்பீங்களா?"

"பொண்ணுங்களை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

ஹோசியத் கொப்பரையை இரண்டு கையாலும் பிடித்துச் சரித்தாள். மஸ்தாவா முழுவதும் மண்ணில் ஓடியது. "என் மக மேல சத்தியம்" என்றாள்.

கிலிச்சேவின் அறை பண்ணை அலுவலகத்தில் இருந்தது. முனவ்வர் காகிதத் துண்டுகளை அவர் மேசைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பரப்பினாள். மர்தோன் சுவரோரம் நின்றான்.

"இதுல எவ நடிக்கறா?" என்றார் கிலிச்சேவ்.

"ஒருத்தியும் இல்ல. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். முதலில் அசிரத்தையாக. பிறகு விரலை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு. "எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கே. ஒருத்தனே அத்தனை கோட்டையும் இழுத்த மாதிரி."

"ஆமா. அத்தனை தலைக்குள்ளயும் ஒரே துடிப்பு. இதை எலிகள்கிட்ட பார்த்திருக்கேன், தோழர். கடைசியில சிறுமூளையே கோடு கோடாச் செத்துப் போகும். அப்புறம் நடக்க வராது. ஒரு பொண்ணுக்கு ஏற்கெனவே நடை போயாச்சு."

"தொத்துமா?"

அவள் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். வாய்விட்டுப் பொய் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்திருந்தாள். தேவைப்படவில்லை. "அந்தக் கொட்டகையில சாப்பிட்ட, தண்ணி குடிச்ச எல்லாருக்கும் வந்திருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." சற்று நிறுத்தினாள். "நீங்க அங்க சாப்பிட்டீங்களா?"

கிலிச்சேவின் தாடை அசைவது நின்றது. "நேத்து மத்தியானம்" என்றார்.

"கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். தடித்த விரல்கள் காகிதங்களுக்கு மேலே நடுங்கின. அது பயமா, மஸ்தாவாவா என்று அவளுக்கே தெரியவில்லை. தராசுக்கல்லைக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கல் அவள் பைக்குள்ளேயே இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

"பஸ் வரச் சொல்லுங்க" என்றார் கிலிச்சேவ், மர்தோனைப் பார்த்து. "இப்பவே. ஒருத்திகூட இங்க இருக்கக் கூடாது. இந்தக் காகிதத்தையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. என் மேசையில வெக்காதீங்க."

வெளியே வந்ததும் மர்தோன் அவள் முழங்கையைப் பிடித்தான். "அது என்னன்னு உனக்குத் தெரியும்ல?"

"உனக்கும் தெரியும்ல, போன வருஷம் அந்தப் பொண்ணுக்கு வந்தது காமாலை இல்லைன்னு?"

அவன் கையை எடுத்துவிட்டான்.

பேருந்துகள் மறுநாள் காலை வந்தன. பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். நடுங்கும் கைகளால் மூட்டைகளைக் கட்டத் தெரியாமல் கட்டி, ஒருத்தி முடிச்சை ஒருத்தி கேலி செய்துகொண்டு ஏறினார்கள். முனவ்வர் கடைசிப் பேருந்தில் தில்ஷோதாவை ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையற்கட்டு வாசலில் ஹோசியத் நின்றிருந்தாள். கையசைக்கவில்லை.

வாய்க்கால் பாலம் ஒற்றை வண்டிதான் போகும் அகலம். எதிரே லாரிகள் வந்ததால் பேருந்துகள் ஒதுங்கி நின்றன. முதல் லாரி பாலமேறி அவர்களைக் கடந்தது. பின்தட்டு முழுக்கப் பிள்ளைகள். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, இடுப்பில் பஞ்சு கட்டும் துணி. பெரியவர்களுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். பேருந்தில் இருந்த அக்காமார்களைப் பார்த்ததும் கூச்சல் போட்டுக் கையாட்டினார்கள்.

"யாரு இவங்க?" என்றாள் முனவ்வர் ஓட்டுநரிடம்.

"உங்களுக்குப் பதில் ஆளுங்க" என்றார் அவர். "பஞ்சு நிக்குமா? கை வேணும்ல."

இரண்டாவது லாரி போனது. மூன்றாவது போனது. முனவ்வர் எழுந்து நின்றாள். இறங்கி, வழியை மறித்து, எல்லாவற்றையும் சொல்லலாம். விதையையும் சொல்லலாம், மருந்தையும் சொல்லலாம். விதையைச் சொன்னால் இந்தப் பேருந்துகளும் திரும்பும். தோளில் சாய்ந்திருந்த தில்ஷோதா, ஆதாரம் போனதும் சரிந்து இருக்கையில் முட்டிக்கொண்டாள். முனவ்வர் அவளைத் தூக்கி நிமிர்த்தினாள். அவளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பாலம் காலியானது. பேருந்து நகர்ந்தது.

வாரம் ஒன்று போனபின் மர்தோன் கூப்பிட்டான். ஆய்வகத்தில் அப்போது ஒலிபெருக்கி அணைந்திருந்தது. அவள் திரும்பி வந்ததிலிருந்து அதைப் போடவில்லை.

"இங்க யாருக்கும் கை நடுங்கலை முனவ்வர்" என்றான். "எல்லாரும் நல்லா பறிக்கறாங்க. கிலிச்சேவுக்கு ரொம்ப சந்தோஷம்."

அவன் குடித்திருந்தான் என்று குரலிலேயே தெரிந்தது.

"விமானம் வந்துட்டுப் போச்சு. ஒம்பது பிள்ளைங்க என் வார்டுல கிடக்குது. கண்மணி குண்டூசித் தலை மாதிரி இருக்கு. இந்தத் தடவை என்ன எழுதட்டும், சொல்லு."

"உள்ளதை எழுது."

"எழுதிட்டேன்" என்றான் அவன். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இனி எனக்கு இங்க வேலை இருக்காது. உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

விசாரித்தார்கள். தொற்று என்று யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முனவ்வர் வயல் மருந்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னாள். விதையைப் பற்றிச் சொல்லவில்லை. அவளிடமிருந்து ஆய்வகத்தை எடுத்துக்கொண்டு, நரம்பு நோய் வார்டில் இரண்டாம் நிலை மருத்துவராகப் போட்டார்கள். ஒன்பது பிள்ளைகளில் மூன்று பேர் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

மாணவிகளுக்கு நடுக்கம் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. தில்ஷோதாவுக்கும் கை நின்றது. நடைதான் திரும்பவில்லை. முனவ்வர் அவளைத் தன் வார்டிலேயே வைத்துக்கொண்டு தினமும் தாழ்வாரத்தில் நடக்க வைத்தாள். சுவரைப் பிடித்தால் நடப்பாள். விட்டால் கால் அகன்று, உடம்பு தன் நடுப்புள்ளியைத் தேடி அலையும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தேநீர் ஊத்தறதுக்குக் கை தயார், கொண்டு போறதுக்குத்தான் கால் இல்லை" என்பாள். வசந்தம் வந்தபோது அந்தக் கேலியும் குறைந்துபோனது.

அந்த நாட்களில்தான் ஹோசியத் வந்தாள். கையில் துணியில் சுற்றிய ரொட்டி. முனவ்வரைத் தாழ்வாரத்தில் பார்த்ததும் நின்றாள்.

"பிள்ளைங்க லாரியில வந்து இறங்கின அன்னிக்கு விதை இன்னும் சாக்குல இருந்துச்சு" என்றாள் எடுத்த எடுப்பில். "கையில அள்ளிட்டேன். உங்களுக்குப் பண்ணின சத்தியம் ஞாபகம் வந்துச்சு. செத்த அணு முளைக்காதுன்னு சொன்னீங்களே, அதுவும் ஞாபகம் வந்துச்சு. திரும்பச் சாக்குலயே போட்டுட்டேன்."

முனவ்வர் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"போட்டிருந்தா அந்த மூணும் கை ஆடிக்கிட்டு வீட்டுல கிடந்திருக்கும். கிடந்திருக்குமில்ல? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"தெரியலைம்மா."

"எனக்கும் தெரியலை. சரி, அந்தப் பொண்ணு எங்க? நான் அவகிட்ட சொல்ல வந்திருக்கேன்."

"வேண்டாம்" என்றாள் முனவ்வர். "அவ தாங்க மாட்டா. அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா உங்களை விட மாட்டாரு."

"விட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஹோசியத் அறைக்குள் போனாள்.

கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. முனவ்வர் அதன் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். சமையல் அத்தையைக் கண்டதும் தில்ஷோதாவின் அகன்ற முகம் மலர்ந்தது. ரொட்டியை வாங்கி மடியில் வைத்து, ஒரு துண்டு பிய்த்தாள். ஹோசியத் நின்றபடியே பேசினாள். பிய்த்த துண்டு பாதி வழியில் நின்றது. நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு அவள் அதைத் துணிமேல் திரும்ப வைத்தாள்.

"எனக்குக் கை ஆடலைன்னா நான் அந்த வயல்ல நின்னிருப்பேனா?" என்று அவள் கேட்டது வெளியே கேட்டது.

"நின்னிருப்பே."

தில்ஷோதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில், "போங்க அத்தை" என்றாள். "இன்னிக்குப் போங்க."

ஹோசியத் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "இன்னிக்குப் போன்னா, நாளைக்கு வரலாம்னு அர்த்தமா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.



அடுத்த நாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது மருத்துவமனை வாசல் பெஞ்சில் ஹோசியத் உட்கார்ந்திருந்தாள். மேலே, முதல் மாடித் தாழ்வாரத்தில், தில்ஷோதா தனியாகச் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். முனவ்வர் படியேறி வருவதைக் கண்டதும் பார்வையை மாற்றிக்கொண்டு, "இன்னும் ஒரு சுத்து நடக்கறேன் அக்கா" என்றாள்.